மேற்படி போட்ட பக்கம்

போன வாரம் சின்னவள் ஒரு வார்த்தை சொன்னாள். அண்ணன் அதே வார்த்தையைத்தான் கேட்டான். ஆனால் இருவருக்கும் அது வெவ்வேறு வேலையாகப் புரிந்தது.

வார்த்தை இதுதான்: சுருக்கு.

"லிஸ்ட்டைச் சுருக்கி அனுப்பினா போதும்ணா, நேரத்துக்குப் போயிடும்" என்றாள் அவள். "அவ்வளவுதானே, நான் பாத்துக்கறேன்" என்று சாவிக் கொத்தைச் சுழற்றிக்கொண்டே போய்விட்டான் அவன். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று அவள் அவனை நிறுத்திக் கேட்டிருந்தால், இந்த வாரம் எனக்கு எழுத வேலையே இருந்திருக்காது.

திங்கட்கிழமை காலை பத்தரை மணி. மருந்துக் கிடங்கின் மாடியில் இருக்கும் கண்ணாடித் தடுப்பு அறைக்குள் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். கீழே அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. தள்ளுவண்டி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே போனது. அதற்கு எண்ணெய் விடச் சொல்லி மூன்று மாதமாகிறது. அண்ணனிடம் சொன்ன காரியம் அப்படித்தான்: உடனே நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக, விஷயம் இதுதான். ஏழு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு வெப் சர்வீஸ் வைத்திருக்கின்றன. கிடங்குகளின் கம்ப்யூட்டர் தன் கையிருப்புப் பட்டியலை ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரிடம் நேராக ஒப்படைக்கும் வாசல் அது. திங்கட்கிழமை தோறும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை திறந்திருக்கும். யார் அனுப்பினாலும் இருபது நிமிடத்துக்குள் முழுசாக அனுப்பி முடிக்க வேண்டும், இல்லையென்றால் இணைப்பைத் துண்டித்துவிடும். பன்னிரண்டு அடித்ததும் வார்டுகள் அந்தப் பட்டியலைப் பார்த்து மருந்து கேட்க ஆரம்பித்துவிடும்.

கிடங்கின் பட்டியல் நாற்பதாயிரம் வரி. கிடங்குக்கு வந்திருக்கும் இணைய இணைப்போ நோஞ்சான். போய்ச் சேர ஐம்பத்திரண்டு நிமிடம் பிடித்தது. இரண்டு திங்கட்கிழமை முயன்று, இரண்டு முறையும் இருபதாவது நிமிடத்தில் அறுந்துவிட்டது. மூன்றாவது முறையும் தவறினால் ஏழு ஆஸ்பத்திரிகளும் இந்தக் கிடங்கின் பெயரை அடித்துவிடும். அப்பா ஆரம்பித்த கிடங்கில் பாதி வேலை அத்தோடு நின்றுபோகும்.

வெளியூர் வேலையை விட்டுவிட்டு வந்தவளிடம் அண்ணன் சொல்லியிருந்தான்: "இது மட்டும் போச்சுன்னா நீ உன் பழைய ஆபீசுக்கே கிளம்பு. நான் பழையபடி டெலிபோன்லயே பாத்துக்கறேன்." சின்னவளுக்கு அது முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

அண்ணி மேலே வந்தாள். அண்ணி இந்தக் கிடங்கின் மருந்தாளர். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு மாத்திரை வெளியே போகாது. வெள்ளை மேலங்கிப் பையில் இரண்டு பேனா, ஒரு வெப்பமானி, எப்போதும்.

ஐம்பத்திரண்டு நிமிடத்தை எப்படிக் குறைக்கப் போகிறாய், எதையாவது விட்டுவிடப் போகிறாயா என்று கேட்டாள்.

ஒரு எழுத்துக்கூட விடமாட்டேன் என்றாள் சின்னவள். பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் அதே தலைப்புகள், அதே கம்பெனிப் பெயர், அதே குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறது. சுருக்கும் நிரல் அதை ஒரு தடவைதான் முழுதாக எழுதும். அடுத்த தடவை, மேலே சொன்னது எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டிவிட்டுப் போகும். அந்தப் பக்கம் பிரிக்கும்போது எல்லாம் பழையபடி வந்துவிடும்.

அண்ணி சிரித்தாள். "நான் ரெஜிஸ்டர்ல மேற்படி போடற மாதிரி."

"அதேதான் அண்ணி."

"இதுக்கா இத்தனை நாள் மண்டையை உடைச்சுக்கிட்டீங்க? எங்க நம்ம மேற்படியார்? ரெண்டு நாளா மனுஷன் கண்ணுலயே படலை."

வீட்டில் புருஷனை அவள் 'மேற்படியார்' என்றுதான் சொல்லுவாள். சொல்லி வைத்ததுபோல் மேற்படியார் படியேறி வந்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் ஒரு வெற்றிக் களை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கிடங்கிலேயே உட்கார்ந்து தன் பங்கு வேலையை முடித்துவிட்டதாகச் சொன்னான். பெட்டிகளை ஒழுங்குபடுத்தியிருப்பான் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். பட்டியல் போன வாரத்தைவிடக் கொஞ்சம் இளைத்திருந்ததையும் அவள் பார்த்தாள். பழைய சரக்கு கழிந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். தப்பு அவள்மேலும் கொஞ்சம் இருக்கிறது, அண்ணனை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை.

பதினொன்று இரண்டுக்கு அனுப்பினாள். ஒரே விநாடியில் சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: ஏற்க முடியாது.

அண்ணன் பின்னால் நின்று பெருமூச்சு விட்டான். அந்த மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

ஆஸ்பத்திரிப் பக்கத்து இன்ஜினியரை டெலிபோனில் பிடிப்பதற்குள் ஒன்பது நிமிடம் போனது. வறண்ட குரல் அவருக்கு. ஒரே கிறுக்கலாக வந்திருக்கிறது, எந்த மொழி என்றே தெரியவில்லை என்றார். சுருக்கி அனுப்பியிருக்கிறேன், நீங்கள் ஏற்பதாக உங்கள் விதிமுறையில் இருக்கிறதே என்றாள். ஏற்போம்தான், ஆனால் சுருக்கியிருக்கிறது என்று முன்னால் போகும் தலைப்பில் சொல்லவில்லையே, பிரிக்கணும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார் அவர்.

சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். மூட்டையைக் கட்டியவள் மேலே சீட்டு ஒட்ட மறந்திருக்கிறாள். ஒரே ஒரு வரி. எழுதிவிட்டு, பதினொன்று பதினாலுக்குத் திரும்ப அனுப்பினாள்.

ஒரு நிமிடம். பாதி போயிருந்தது. இரண்டு நிமிடம். அண்ணன் நகத்தைக் கடித்தான். மூன்றாவது நிமிடம் முடியும்போது பச்சை எழுத்து வந்தது: பெற்றுக்கொண்டோம், நாற்பதாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு வரி.

அண்ணன் மேசையில் ஓங்கித் தட்டினான். பேனாக்கள் உருண்டன. "ஐம்பத்திரண்டு நிமிஷம் மூணு நிமிஷமாச்சு. பாத்தியா, நான் சுருக்கினதும் சேர்ந்துதான் இந்த வேகம்" என்றான்.

சின்னவள் மெல்லத் திரும்பினாள். "நீங்க எதைச் சுருக்குனீங்க?"

அவன் உற்சாகமாகவே சொன்னான். குறிப்புப் பத்தியில் எல்லாம் நீள நீளமாய் எழுதியிருந்ததாம். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதல் எழுத்தாக்கிவிட்டானாம். வெளிச்சம் படக்கூடாது என்பது 'வெ.', உடையும் பொருள் என்பது 'உ.'. யார் கேட்டாலும் தனக்கு மனப்பாடம் என்றான்.

அண்ணி திரைக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு வரியைப் படித்தாள். அடுத்த வரியையும் படித்தாள். ஒரே மருந்து, ஒரே கம்பெனி, இரண்டு வரியிலும் குறிப்பு 'கு.'

"இதுல எது குழந்தைகளுக்கானது, எது குளிர் அறையில வைக்க வேண்டியது?" என்று கேட்டாள்.

அண்ணன் திரையைக் குனிந்து பார்த்தான், அவனுக்கே தெரியவில்லை.

ஒன்று குழந்தைகளுக்கான அளவு. மற்றது பெரியவர்களுக்கானது, குளிர் அறையில் வைக்க வேண்டியது. நாற்பது நிமிடத்தில் ஏதோ ஒரு குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸ் இந்த வரிகளைப் பார்ப்பாள். 'கு.' என்றால் குழந்தை என்றுதான் நினைப்பாள். வேறென்ன நினைப்பாள்?

திரும்ப வாங்கிவிடலாம் என்றாள் சின்னவள்.

அண்ணன் தடுத்தான். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், இப்போது போய்த் தப்பு என்றால் மூன்றாவது முறையும் தோற்ற கணக்குதான், அடுத்த வாரம் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம் என்றான். கெட்டவன் பேசுகிற பேச்சு இல்லை அது. கிடங்கில் இருக்கும் நாற்பது பேர் வேலையை நினைத்துப் பயந்தவன் பேசுகிற பேச்சு. ஆனால் பயந்தவன் செய்யும் தப்பும் தப்புதானே.

"என் பேர்ல போற லிஸ்ட் அது. நீங்க கூப்பிடலைன்னா நான் கூப்பிடறேன்" என்றாள் அண்ணி.

சின்னவள் ஏற்கெனவே டெலிபோனை எடுத்துவிட்டாள். வறண்ட குரல் ஒரு நொடி யோசித்தது. பன்னிரண்டுக்குள் சரியான பட்டியல் வந்தால் முந்தையதை அழித்துவிடுவதாகவும், வராவிட்டால் இரண்டையும் சேர்த்து அழித்து, கிடங்கின் பெயரையும் எடுத்துவிடுவதாகவும் சொன்னது. மணி பதினொன்று இருபத்தாறு.

"பழைய லிஸ்ட் எங்க வச்சிருக்கீங்கண்ணா?"

அதன் மேலேயே எழுதிச் சேமித்துவிட்டானாம். பிரதி எதுவும் எடுக்கவில்லை.

அவளுக்கு அழுகை முட்டியது. நான் சுருக்கினதைத் திரும்ப விரிக்கலாம்ணா, நீங்க சுருக்கினதை விரிக்கவே முடியாது என்று சொல்ல வந்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? போன திங்கட்கிழமை பாதியில் அறுந்த பட்டியல் அவளிடம் ஒரு பிரதி இருந்தது. அதிலிருந்து பழைய குறிப்புகளை எடுத்துப் புதிய பட்டியலில் பொருத்த நாலு வரி நிரல் எழுதினாள். அவசரத்தில் அதிலும் இரண்டு தடவை பிழை. பதினொன்று முப்பத்தைந்துக்கு நாற்பதாயிரம் வரியும் பழையபடி குறிப்போடு நின்றன.

போன வாரத்தில் புதிதாக வந்த சரக்கு மட்டும் பாக்கி. அதிலும் 'வெ.', 'உ.' எல்லாவற்றையும் விரித்துவிடலாம், ஒன்றுக்கு ஒன்றுதான். 'கு.' போட்ட வரிகள் நூற்று நாற்பது. அவற்றுக்கு வழி ஒன்றே ஒன்று: அண்ணியின் வரவு ரெஜிஸ்டர்.

அண்ணி கீழே ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தாள். தடித்த நீல அட்டை. சரக்கு வந்த நாள், மருந்து, குறிப்பு, குளிர் அறையின் வெப்பநிலை, கையெழுத்து என்று ஐந்து பத்தி. அவள் விரல் வைத்துப் படிக்க, சின்னவள் தட்டினாள்.

"குழந்தைகளுக்கான அளவு. மேற்படி. மேற்படி. மேற்படி. குளிர் அறை. மேற்படி."

மேற்படி ஒவ்வொன்றும் தனக்கு மேலே இருப்பதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. எதுவும் தொலையவில்லை. தட்டிக்கொண்டே சின்னவள் நினைத்தாள், அண்ணிக்குத் தெரியாமலே அவள் எத்தனை வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறாள் என்று. பதினொன்று நாற்பத்தேழுக்கு நூற்று இருபத்து மூன்று வரி முடிந்திருந்தது.

அண்ணி பக்கத்தைப் புரட்டினாள். "மேற்படி" என்று ஆரம்பித்தவள் நின்றாள்.

"எதுக்கு மேற்படி அண்ணி?"

அண்ணி பக்க எண்ணைப் பார்த்தாள். நாற்பத்திரண்டுக்கு அடுத்து நாற்பத்தைந்து. நடுவில் ஒரு தாள் இல்லை. ஸ்கேல் வைத்து நறுக்கென்று கிழித்திருந்தது. நாற்பத்தைந்தாம் பக்கத்தில் முதல் நாலு வரி அண்ணன் கையெழுத்து. குறிப்பு, மேற்படி. வெப்பநிலை, மேற்படி. அதற்கு மேலே எதுவும் இல்லை.

போன வாரம் செவ்வாயும் புதனும் அண்ணி லீவு. அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அந்த இரண்டு நாளும் ரெஜிஸ்டர் அண்ணன் பொறுப்பு. பாக்கி வரிகளில் இங்கே நாலு, மீதி பதிமூன்றும் கிழிந்த தாளில் இருந்திருக்க வேண்டும். பதினேழு.

சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பெட்டி கீழேதான் இருக்கிறது, ஓடிப்போய் லேபிளைப் பார்த்துவிட்டு வந்தால் முடிந்தது என்று அண்ணனிடம் சொன்னாள்.

அண்ணன் நகரவில்லை.

"போங்கண்ணா. நிமிஷம் போகுது."

அவன் தடுப்புக் கண்ணாடியில் சாய்ந்து நின்றான். காலையில் இருந்த களை எங்கே போனதோ, முகம் வெளிறியிருந்தது. "பாக்க வேண்டாம். பதினேழும் குளிர் அறை மருந்துதான்" என்றான். அப்புறம் தாழ்ந்த குரலில், "அதை லிஸ்ட்ல போடாத, சின்னு" என்றான்.

கீழே தள்ளுவண்டி கிறீச்சிட்டது.

பிறகு அவனே சொன்னான். செவ்வாய்க்கிழமை காலையில் குளிர் அறைக் கதவைத் திறந்து பார்க்கச் சோம்பல்பட்டு, வெப்பநிலைப் பத்தியில் மேற்படி போட்டுவிட்டான். மத்தியானமும் மேற்படி. புதன் காலையும் மேற்படி. புதன் சாயங்காலம் ஒரு பெட்டி எடுக்கக் கதவைத் திறந்தபோது உள்ளேயும் வெளியே மாதிரியே சூடாக இருந்ததாம். மெஷின் எப்போது நின்றது என்று தெரியாது. ஆளை வரவழைத்து, விடிவதற்குள் சரிசெய்து, தாளைக் கிழித்துவிட்டான். பழைய மருந்துகள் உள்பெட்டியில் ஐஸ் கட்டிகளோடு இருந்ததால் தப்பித்தன. புதிதாக வந்த பதினேழும் வெறும் அலமாரியில் இருந்தவை.

"கையெழுத்துப் பத்தியில என்ன போட்டீங்க?" என்று அண்ணி கேட்டாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் விரலுக்குக் கீழேதான் இருந்தது. கையெழுத்துப் பத்தியிலும் மேற்படி. நாற்பத்திரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருந்தது அவள் கையெழுத்து. இரண்டு நாள், அதைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்திருக்கிறான்.

"அஞ்சு டிகிரின்னு பாத்துட்டுப் போட்ட கையெழுத்துங்க அது" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. அவள் கண் நிறைந்ததை அண்ணன் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

சின்னவளுக்கு அவன்மேல் கோபமும் பாவமும் ஒரே சமயத்தில் வந்தன. இரண்டுக்கும் நேரமில்லை. பதினேழு வரியை எடுத்தாள். மீதியைச் சுருக்கினாள். மேலே சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். பதினொன்று ஐம்பத்து நாலுக்கு அனுப்பினாள்.

மூன்று நிமிடம். அண்ணி அதற்குள் அலமாரியிலிருந்து அனுப்புகை ரெஜிஸ்டரை எடுத்துப் புரட்ட ஆரம்பித்திருந்தாள். வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது.

பச்சை எழுத்து வந்தது. பெற்றுக்கொண்டோம்.

இந்தத் தடவை யாரும் மேசையைத் தட்டவில்லை. ஜெயித்துவிட்டோம் என்பதே சின்னவளுக்கு உறைக்கவில்லை. அண்ணியின் விரல் வியாழக்கிழமையில் ஒரு வரிமேல் நின்றுபோயிருந்தது.

"அந்தப் பதினேழுல ஒண்ணு வெளியே போயிருக்கு. ரெண்டு பெட்டி. ஏழுல ஒரு ஆஸ்பத்திரிக்கு."

அப்போது டெலிபோன் அடித்தது. வறண்ட குரல்தான். பட்டியல் சரியாக இருக்கிறது, சொன்ன நேரத்துக்குள் வந்திருக்கிறது, கிடங்கின் பெயர் நிலைத்துவிட்டது என்றது. சின்னவள் நன்றி சொல்லி வைக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம்மா. முன்னால வந்ததைவிடப் பதினேழு வரி குறையுதே? என்ன ஆச்சு?"

அவள் டெலிபோனைக் காதிலிருந்து எடுத்தாள். பழைய சரக்கு கழிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று பேருக்கும் அது தெரியும். அண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். கையை நீட்டி டெலிபோனை வாங்கிக்கொண்டான்.

"நான் கிடங்கு பொறுப்பாளர் பேசறேன்" என்றான். அதோடு நின்றுவிட்டான்.

அண்ணி ரெஜிஸ்டரிலிருந்து நிமிரவில்லை.

"செவ்வாய்க்கிழமை காலையிலேருந்து ஆரம்பிங்க" என்றாள். "சுருக்காம சொல்லுங்க."